கரைமேல் நடப்பவர் வேண்டும்

(செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், நூலக வாசகர்களும் பள்ளி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



நம் ஊர்களைச் சுற்றியுள்ள ஏரி குளங்களில் நடந்து பார்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பறவைகளையும் விலங்குகளையும் பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்கும் முண்டந்துறைக்கும் போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேவையே இல்லை. இதை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு வட தமிழகத்திலும் தென் மாவட்டங்களிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாலும் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரை தென்படும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரி உயிரோடு இருக்கத் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. அதன் கரையில் நடக்கிறவர்கள் வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்க்கிற கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் இல்லாத ஏரி, வரைபடத்தில் மட்டுமே ஏரியாக இருக்கும்.

இது நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்த விஷயம். பக்கத்தில்தான் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதையும் பேச வேண்டும். அவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். 360 நாள் பதவி. ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் தனிப்பொறுப்பு என்று பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் வந்த காலங்களில் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். தென் மாவட்டங்களில் நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் கரைமேல் நடப்பது அவர் வேலை. நண்டு வளை எங்கே பெரிதாகிறது, கரை எங்கே கசிகிறது, எந்த மதகை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் அவருக்கு நெல் அளக்கும். ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டார்களும் வந்த பிறகு வயலுக்கு ஏரி நீர் வேண்டும் என்ற கட்டாயம் குறைந்தது. நீர்க்கட்டியின் வேலையும் பல ஊர்களில் நின்றது. கரையில் மனித நடமாட்டம் நின்ற பிறகுதான் குப்பை லாரி வந்தது, ஆக்கிரமிப்பு வந்தது, இரவில் மண் அள்ளும் பொக்லைன் வந்தது. யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் இவையெல்லாம் துணிந்து நடக்கும்.

நீர்க்கட்டியின் காலத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அவர் நடந்த நடையை நாம் நடக்கலாம். அதில் நமக்குக் கிடைக்கிற மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை.

எப்படி நடப்பது? நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், நீர் மேற்கே பரந்திருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் விழும், எதிரே தண்ணீரிலுள்ள பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். விடியற்காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் நல்ல நேரம். மாலையில் வெயில் கண்ணில் அடிக்கும் என்பதால் மேற்கு விளிம்புப் பக்கம் போய்விடுவது நல்லது.

கரையிலிருந்து தொடங்குங்கள். பனை வரிசையைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவது பெரும்பாலும் நீருக்கு மேலே நீண்டிருக்கும் ஓலைகளில்தான். பாம்பும் அணிலும் எளிதில் எட்டக்கூடாது என்பதற்காக அந்த இடம். ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு முடியும். பிடிக்காமல் கைவிடப்பட்ட அரைக்கூடுகளையும் அதே மரத்தில் பார்க்கலாம்.

மதகுக்கு வாருங்கள். மதகுக் கல்லின்மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்கு உட்கார இடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் குறிவைத்து, தலைகீழாக விழும். மதகைத் தாண்டி வாய்க்காலோடு போனால் குளக்கொக்கு. வரப்பு மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் அது எழுந்து வெள்ளைச் சிறகை விரிக்கும் வரைக்கும் அங்கே ஒரு பறவை இருந்ததே தெரியாது.

பிறகு, நிரம்பிய ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஏரி கோடி போகிறது என்றால் ஊரே அங்கே கூடிவிடும். வழிகிற நீரை எதிர்த்து மீன்கள் ஏறுவதைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. முட்டையிடப் புது நீரைத் தேடிப் போகிற மீன்கள் அவை. ஊத்தாவும் வலையும் போட்டு அங்கேயே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு ஏரியில் மீன் ஏது? பாதியை மேலே விடுங்கள் என்று இந்த அவையிலுள்ள இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கலங்கலோடு நடையை நிறுத்திவிட வேண்டாம். நம் ஏரிகள் தனித்தனியானவை இல்லை. மேல் ஏரியின் உபரிநீர் கீழ் ஏரிக்கு வரத்து. கலங்கலிலிருந்து கிளம்பும் கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து அடுத்தது. நடப்பதற்கென்றே யாரோ வகுத்து வைத்ததுபோல ஒரு வழி நம் காலடியில் இருக்கிறது. அந்தக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே அதன்மேல் வீடு எழும்பியிருக்கிறது என்பதும் நடக்கிறவருக்குத்தான் தெரியும். மழை பெய்தும் ஏரி ஏன் நிரம்பவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அங்கேதான் விடை கிடக்கும்.

அடுத்து ஏரியின் விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏரியின் உயிர்கள் பெரும்பாலும் நடுத் தண்ணீரில் இல்லை. சேறும் நீரும் சேருமிடத்தில்தான் இருக்கின்றன.

தை, மாசி மாதங்களில் நீர் வற்றத் தொடங்கும்போது மேற்குப் பக்கத்து விளிம்புக்குப் போய் ஓரிடத்தில் அசையாமல் அரை மணி நேரம் நில்லுங்கள். காய்ந்த சேற்றில் பட்டாணி உப்புக்கொத்தி குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு பூச்சியைக் கொத்தும். அதற்கு அடுத்து, கால்விரல் நனைகிற அளவு நீரில் பொரி உள்ளான் வாலை ஆட்டியபடி மேயும். இன்னும் நான்கு விரற்கடை ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், சிவந்த நீண்ட கால்களால் அளந்து அளந்து நடக்கும். அதற்கப்பால் உண்ணிக்கொக்கைவிடப் பெரிய வெள்ளைக் கொக்குகள். முழங்கால் ஆழத்தில் கரண்டிவாயன், அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவும். மஞ்சள் மூக்கு நாரையும் திறந்த அலகை நீரில் வைத்தபடி காத்திருக்கும். மீன் அலகில் பட்ட கணமே அலகு மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் அதற்குக் கண் தேவைப்படுவதில்லை. இன்னும் ஆழத்தில் நாமக்கோழியும் வாத்துகளும். அதையும் தாண்டிய ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் பாம்புத்தாராவும்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு பறவைக்கும் அதன் கால் நீளத்துக்கும் அலகுக்கும் ஏற்ற ஓர் ஆழம் இருக்கிறது. பந்தியில் வரிசையாக இலை போட்டதுபோல, சில அங்குல ஆழ வேறுபாட்டில் இத்தனை பேருக்கு அங்கே சாப்பாடு. நீர் வற்ற வற்ற இந்த வரிசை முழுவதும் உள்ளே நகரும், புதுச் சேறு வெளிப்படும், புது இரை கிடைக்கும். ஆகவே வற்றுவதும் ஏரியின் வாழ்க்கையில் ஒரு பகுதி. ஆண்டு முழுவதும் விளிம்பு வரை நீர் ததும்பி நின்றால் இந்தப் பறவைகளில் பாதிக்கு அங்கே இடம் இல்லை.

அல்லி படர்ந்த குட்டைகளில் இன்னொரு காட்சி. இலைக்கோழி. அதன் கால்விரல்கள் மிக நீளமானவை. உடல் எடை பரவிவிடுவதால் மிதக்கும் இலைமேல் அது சாதாரணமாக நடந்து போகும். நீளவால் இலைக்கோழியில் பெண் பறவை பெரியது. ஒரு பருவத்தில் பல ஆண்களோடு கூடி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தகப்பன் வேலை. அதே குட்டையில் முக்குளிப்பானின் கூட்டையும் பார்க்கலாம். நீர்ச்செடிகளைக் குவித்து வைத்த ஈரமான மிதக்கும் மேடு அது. ஆள் வரும் அரவம் கேட்டதும் முட்டைகளின்மேல் அவசரமாகப் பாசியை இழுத்து மூடிவிட்டு நீருக்குள் மூழ்கிவிடும். அதைத் தெரியாதவர் அழுகிய செடிக்குவியல் என்று நினைத்துக் கையால் ஒதுக்கிவிடுவார். குஞ்சு பொரித்த பின் தாய் தகப்பன் முதுகில் குஞ்சுகள் சவாரி செய்வதைப் பார்க்கிறவர்கள் பாக்கியவான்கள்.

வயலோரத்தில் நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுக்க அந்த அலகு பயன்படுகிறது. அந்த நத்தைகள் வாழ்வது நம் ஏரியிலும் வயலிலும். நாரை வேண்டுமானால் நத்தை வேண்டும். நத்தை வேண்டுமானால் சேறும் விஷமில்லாத நீரும் வேண்டும்.

ஏரியைப் பார்க்கத் தெரிந்த மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு வேடந்தாங்கலே சான்று. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள ஊர் ஏரி அது. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரநீர். இதை அந்த ஊர் விவசாயிகள் அனுபவத்தில் கண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடவந்தபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் உத்தரவைப் பெற்றார்கள். அந்தக் கலெக்டர் லயோனல் பிளேஸ்.  நாட்டில் பறவைகளுக்குச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு கிராமம் தன் ஏரியைப் பார்த்ததன் பயனாகப் பறவைகளைக் காப்பாற்றியது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக் கண்மாயையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தம் பிள்ளைகளாகப் பார்க்கிறார்கள்.

வேடந்தாங்கலுக்குச் சற்றுத் தொலைவில் இருக்கிறது கரிக்கிலி. இரண்டுமே 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ஒரே நாளில் இரண்டையும் பாருங்கள், வேறுபாடு புரியும். மரமுள்ள வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும். திறந்த நீர்ப்பரப்புள்ள கரிக்கிலியில் வாத்துகளும் உள்ளான்களும் அதிகம். ஓர் ஏரி மற்றோர் ஏரிக்கு மாற்று ஆகாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். வேடந்தாங்கலில் முட்டையிடும் பறவைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகின்றன என்று பலரும் சொல்கிறார்கள். அங்கே கூடு கட்டும் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் உள்ளான்களில் பலவும்தான் வடக்கே வெகுதூரத்திலிருந்து வருகிறவை. அவை இங்கே முட்டையிடுவதில்லை. பனிக்காலத்தை இங்கே கழித்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு, வடக்கே போய் அங்கே குஞ்சு பொரிக்கும். அவை திரும்பிப் போகத் தேவையான வலுவைத் தருவது உங்கள் ஊர் ஏரியின் சேறு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஏரியைச் சீர்செய்கிறோம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாலாபுறமும் செங்குத்தாக வெட்டித் தொட்டியாக்கி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதையும் மின்விளக்கும் போட்டுவிட்டால் ஏரி அழகாகிவிட்டது என்று நினைக்கிறோம். விளிம்பு போய்விடுகிறது. விளிம்போடு உள்ளானும் கொக்கும் நாரையும் போய்விடுகின்றன. தூர் வாரத்தான் வேண்டும். வாரும்போது மேற்குப் பக்கத்துச் சரிவை விட்டுவையுங்கள். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களை விட்டுவையுங்கள். சீமைக் கருவேலத்தை அகற்றுவது சரி. அதில் பறவைகள் கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்த பிறகு அகற்றுங்கள், அதற்கு முன்பே நாட்டு மரங்களை நட்டு வையுங்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பரவிய ஏரியில் அல்லிக்கு இடமில்லை. அவற்றை எடுத்தாக வேண்டும். கழிவுநீர் வந்துகொண்டிருக்கும் வரை அவை திரும்பத் திரும்ப வளரும் என்பதையும் மறக்கக் கூடாது.

நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். சத்தம் போட வேண்டாம். கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு வெளியிடாதீர்கள். தரையில் கற்களுக்கு நடுவே கல் நிறத்திலேயே முட்டையிடும் ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கலாம், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, ஏரிக்குள் இறங்கவே கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. மேலே பார்த்தால் தெரியாது. உயிர் போய்விடும். பெரியவர்களோடுதான் போக வேண்டும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். தேதி, நேரம், நீர் எந்த மதகுவரை நிற்கிறது, என்னென்ன பறவை, எத்தனை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் நிறமும் எழுதுங்கள். ஆடு மேய்க்கிறவரையும், மீன் பிடிக்கிறவரையும், வாத்து மேய்த்துக்கொண்டு வருகிறவரையும் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. இரண்டிலும் பங்கு பெறப் பட்டம் தேவையில்லை. உங்கள் ஊர் ஏரியின் கணக்கு அதில் சேரட்டும்.

அந்த நோட்டு ஒரு நாள் ஆயுதமாகும். அதை யாரிடம் கொண்டுபோவது? 40 எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று கிராம சபை கூடுகிறது. "ஏரி கெட்டுப்போச்சு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். "வரத்துக்கால் இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, போன ஆண்டு இதே மாதம் இத்தனை நாரை இருந்தது, இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை, இதோ தேதியோடு எழுதியிருக்கிறேன்" என்று ஒரு பள்ளி மாணவி எழுந்து நின்று படித்தால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் இருக்க முடியாது.

ஏரியைக் காக்க அரசு வேண்டும், சட்டம் வேண்டும், நிதி வேண்டும். இவை எல்லாவற்றையும் அசைத்து வேலை வாங்க, தன் ஏரியை அறிந்த ஊர் வேண்டும். ஆகவே இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். கரை முழுவதும் நடங்கள். பார்த்ததை எழுதுங்கள். அடுத்த மாதமும் போங்கள். மழையிலும் போங்கள், கோடையிலும் போங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டோடு எழுந்து நில்லுங்கள்.